கல்லறைக்கு ஒரு பெயர்

ரொறன்ரோவிலிருந்து முதலாளியின் மகள் மிதுஷா
ஒரு பட்டியலோடு வந்திறங்கினாள்:
கண், விரல், மூளை, இரத்தம், கல்லறை.
"ஒக்டோபர் முப்பத்தொன்று, அன்ரி. பேய்ச் சாப்பாடு."
நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.
அரைக் கிலோவா, ஒரு கிலோவா என்று கேட்டேன்.

பூசணிக்கு முகம் வெட்டுவது பெரிய வித்தையில்லை.
கட்டி முடியாத வீட்டிலெல்லாம்
நாக்கு நீட்டிய வெருளி தொங்குகிற ஊர் இது.
முச்சந்தியில் போட்டு உடைக்கவா என்றேன்.
"ஐயோ, உள்ளே மெழுகுதிரி!" என்றாள்.
தோண்டிய சதைக்குத் தேங்காய்ப்பால் விட்டு இறக்கினேன்,
எங்கள் மத்தியானச் சோற்றுக்கு.

கணவாய் மை மட்டும் கேட்டேன் மீன் சந்தையில்.
மரியதாஸ் கத்தியை நிறுத்திவிட்டு
"யாருக்கு அக்கா சூனியம்?" என்றான்.
காசு வாங்கவில்லை. பயந்திருப்பான்.

மரவள்ளி அவித்து மசித்து
விரல் விரலாய் உருட்டிப் பொரித்தேன்.
நகத்துக்குக் கொட்டங்காய்ப் பருப்பு.
"மீற்றர் பாக்க வாறவர்ட விரல்" என்று
றமீஸ் ஒன்றைக் கடித்தான்.
கிண்ணியாவிலிருந்து முதல் பஸ்ஸில் வருகிறவன்,
இரத்தம் அவன் பொறுப்பு:
நன்னாரிச் சர்பத்தில் பீற்றூட் சாறு,
தவளை முட்டைக்குக் கசகசா.
"நோன்பு துறக்கக் குடிக்கிறது இது.
இதுக்கு யார் பயப்படுவினம்?"

வட்டிலப்பம்தான் கல்லறை மண்.
பதினொரு கிளாஸ்,
ஒவ்வொன்றிலும் நட்டு வைத்த ஒரு பிஸ்கட்.
"பெயர் எழுதுங்கோ, அன்ரி. சும்மா. யாற்றையாவது."

யாற்றையாவது.

சொக்கலேற் கூம்போடு நின்றேன்.
முதலில் வந்த பெயருக்கு
சாம்பல்தீவில் ஒரு தாய் இருக்கிறாள்.
அடுத்தது என் வகுப்பில் மூன்றாம் வாங்கு.
றமீஸ் ஒன்று சொன்னான்,
சொன்ன வாயைத் தானே பொத்தினான்:
அலை கொண்டுபோன அவன் மாமாவின் பெயர்.
வெள்ளைக்காரப் பெயர் போடலாமென்றால்
நிலாவெளி ரோட்டில் வரிசையாய்ப் படுத்திருக்கிறார்கள்,
புல்லும் ஒழுங்காய் வெட்டியிருக்கிறது.
ஆளில்லாத பெயராய் ஒன்று
இந்த ஊரில் எங்கே போய்த் தேட?

சொக்கலேற் உருகி முழங்கைவரை வந்தது.
கடைசியில் எழுதினேன்:
சீசன்.
கறண்ட் பில்.
மீன் விலை.
பழைய பிறிஜ் (சாகவில்லை, இழுத்துக்கொண்டு கிடக்கிறது).
இப்படியே பத்து.
பதினொன்றாவதற்கு ஒன்றும் வரவில்லை.

மழை. வந்தது ஒன்பது பேர்.
மிதுஷாவின் மச்சான்மார்
எங்கள் படுக்கை விரிப்பையே போர்த்திப் பேயாய் நின்றார்கள்,
மூலையில் சலவை நம்பர் தெரிய.
ஒரு ஜெர்மன் சோடி விரல்களை எண்ணி எண்ணித் தின்றது.
ஒருவரும் பயப்படவில்லை.
கறுப்பு இடியப்பத்துக்கு மட்டும்
ஒரு பிள்ளை மூக்கைச் சுளித்தது.

அப்போது கறண்ட் போனது.
யாரோ டோர்ச் அடிக்க,
வேலியோரம் பச்சையாய்ப் பத்துக் கண்,
தகர டின்னில் வந்த என் லிச்சிக் கண்களைவிட
எவ்வளவோ திறமாய்.
பேய்களெல்லாம் அலறின.
றமீஸ் ஜக்கைப் போட,
வெள்ளை விரிப்பெல்லாம் சர்பத்.

மான்கள்.
கோட்டைப் பக்கத்து மான்கள்,
மழையில் டச்சுக் குடா ஓரமாய் நடந்து
பூசணியின் மணத்துக்கு வந்தவை.
மெழுகுதிரி அணைந்த முகத்தில்
முதலில் வாயைத் தின்றன.
பிறகு மூக்கை.
எங்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பன்னிரண்டு மணிக்குக் கோப்பை கழுவினேன்.
மீன் விலையை ஜெர்மன்காரர் முடித்திருந்தார்,
பொருள் கேட்டுச் சிரித்தாராம்.
சீசனை யாரோ பாதியில் வைத்துவிட்டார்கள்.
பெயரில்லாதது அப்படியே இருந்தது.

பிறிஜ்ஜில் வைத்தால் காலையில் யாராவது எடுப்பார்கள்.
எடுக்கட்டும் என்றுதான் கதவைத் திறந்தேன்.
பிறகு நின்ற நிலையில்,
கரண்டி தேடாமல்,
பிஸ்கட்டாலேயே வழித்து
நானே தின்றேன்.

கருப்பட்டி கொஞ்சம் கூடிவிட்டது.