தயக்கக் கண்ணி

சிம்மக்கல் பழைய சாமான் கடையில்
கிலோ கணக்கில் வாங்கிவந்த கேசட்டுகளில்
ஒன்றின் முதுகில் பால்பாயிண்ட் எழுத்து:
ஆரப்பாளையம், காதுகுத்து, இரண்டாம் பாகம்.

ஐந்து மில்லிமீட்டர் வெட்டினேன்.
நாகமலை அடிவாரம், இரண்டாம் மாடி ஆய்வகம்.
போடி ரயில் கடந்து போனால்தான்
அளவி நடுங்காமல் நிற்கும்.

நாடாவின் மேல் கோபால்ட் படலம்
தலைமுடியில் ஐந்நூறில் ஒரு பங்கு கனம்.
நுண்ணோக்கியில் தூண்தூணாய்த் தெரியும்,
எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து,
காளவாசலில் பஸ் வளைகையில்
கம்பியைப் பிடித்து நிற்பவர்கள் மாதிரி.
பஸ் நேரான பிறகும்
இவர்கள் நிமிரவில்லை.

ஒவ்வொரு தூணுக்கும் தெரிந்தது இரண்டே சொல்:
அங்கிட்டு, இங்கிட்டு.
எந்தப் புலத்தில் அங்கிட்டுத் திரும்பும்,
எதில் மனம் மாறி இங்கிட்டு வரும்
என்று ஆளுக்கு இரண்டு எண் கொடுத்து
லட்சம் தூண்களைக் கணினிக்குள் நட்டேன்.
கூட்டினால் கண்ணி வரவேண்டும்.
வந்தது.
ஃபெரோஸ் அளந்து வைத்த கண்ணிக்குள்
அண்ணன் சட்டைக்குள் தம்பி மாதிரி
தோள் காணாமல் தொளதொளவென்று.

"தனித்தனியா நெனச்சீகள்ல, அதான்"
என்றான் அவன், டீயை ஆற்றிக்கொண்டே.
"எங்க முனிச்சாலையில
ஒரு வீட்டுல சண்டைன்னா
ஏழு வீட்டுல சோறு எறங்காது."

அக்கம்பக்கத்துப் புலத்துக்கென்று
ஒரே ஒரு மாறிலி சேர்த்தேன்.
நான்கு மணிக்குச் சட்டை பொருந்தியது.
இடது கீழ் மூலையில் மட்டும் ஒரு சுருக்கம்.
அது இருக்கட்டும்.

பதினொன்றாம் வகுப்பு தாண்டியும்
எனக்குப் பிடித்த பெயர் இது: காந்தத் தயக்கம்.
விசை போன பிறகும் போகாமல் நிற்பது.
பரீட்சைக்கு ஐந்து மதிப்பெண்.

அறிக்கையில் எழுதாதது ஒன்று உண்டு.
புலத்தை ஏற்றும் முன்
துண்டை அப்படியே அளந்தேன்.
பூஜ்ஜியம்.
பிள்ளையின் வீறிடல், மாமன் மடி,
மொய் வாசிக்கும் மைக்,
எல்லாம் அங்கிட்டுப் பாதி இங்கிட்டுப் பாதியாய்
ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்ஜியம்.
அழித்த நாடாவுக்கும் இதே விடைதான் வரும்.
என் கணக்குக்கு
இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரியாது.

பிறகு பத்தாயிரம் ஆர்ஸ்டெட்.
லட்சம் தூணும் அங்கிட்டு.
ஐந்து மில்லிமீட்டர் என்றால் கால் நொடி,
ஆறேழு படம்.
ஊசி ஏறிய கால் நொடியோ
யாரோ இலைக்குக் குனிந்த கால் நொடியோ.

மீதி நாடா மேசை டிராயரில் இருக்கிறது.
ஓட்டிப் பார்க்க இங்கே கருவி இல்லை.

துண்டு எண் பதினான்கு.
தொடக்க நிலை என்ற கட்டத்தில்
பேனாவை வைத்து
எடுத்து
மறுபடி வைத்து
பூஜ்ஜியம் என்று எழுதினேன்.