இரண்டாம் சுருக்கு

கோட்டைக் கொடி காலை ஆறரைக்கே
பலகைபோல் நின்றது.
"பாத்தியா" என்றாள் ஹெப்சிபா.
நான் பார்க்காததுபோல்
தெர்மாஸின் மூடியைத் திருகினேன்.

முன்பாய் மூன்று உண்டு எங்களிடம்.
பெரியது, போனஸில் வாங்கியது.
ஓட்டேரி வீட்டு ஹாலில் விரித்தால்
சோபாமேல் ஏறி ஜன்னல்வரை போகும்.
நடுத்தரம் ஒன்று, சந்தேகமான நாட்களுக்கு.
மூன்றாவது ஒரு லுங்கி அகலம்,
கெட்டித் துணி, ஆரஞ்சு நிறம்.
அதைப் பையிலிருந்து எடுப்பதே
தோற்றதற்குச் சமமென்று
எனக்கு ஓர் எண்ணம்.

பெரிய பையைத்தான் தூக்கினேன்.
அவள் மறுத்துப் பேசவில்லை.
பல்கட்டும் லேபில் வேலை;
மில்லிமீட்டரில் கால்வாசியை
விரல்நுனியால் அறிகிறவள்.
லுங்கியை எடுத்துக் கொக்கிகளில் மாட்டிவிட்டு
என்னைப் பார்த்தாள்.
சரி என்றேன்.
ஆனாலும் பெரிய பையைப் படகுக்குள் எறிந்தேன்,
யாருக்குத் தெரியும் என்று.

"மொத சுருக்கை இங்கயே போட்டுடலாம்,
ஆடாம இருக்கிறப்பவே."
"வெளிய போய்ப் பாத்துக்கலாம்."
எத்தனை பேர் இந்த மூன்று சொல்லைக்
கரையில் சொல்லியிருப்பார்கள்.

அலைத்தடுப்புக் கல் தாண்டும்வரை
துறைமுகம், தட்டில் ஊற்றிய தண்ணீர்.
தாண்டியதும்
காசிமேட்டுப் பக்கமிருந்து வாடைக்கொண்டல் வந்து
தோளில் கை போட்டது,
பிறகு தள்ளியது.

கொடுக்காப்புளி (பதினாறடிப் படகுக்கு
அவள் வைத்த பெயர்) சாய்ந்தது.
சாய்ந்துகொண்டே போனது.
சுக்கான் என் பிடியை முறுக்கி
மூக்கைக் காற்றின் பக்கமே திருப்பியது,
ஊசி போட வந்த குழந்தை
வாசலைப் பார்த்துத் திரும்புவதுபோல்.
விளிம்பு முங்கியது.
உள்ளே வந்த நுரை
போகும்போது தெர்மாஸை எடுத்துப் போனது.

"தாமானை விடு!"

விட்டேன்.
தகரக் கூரையில் ஆலங்கட்டி விழும் சத்தம்
பெரும்பாய் முழுக்க.
அவள் மரத்தடியில் மண்டியிட்டு
ஆஞ்சானை இரண்டு முழம் இறக்கி
முன்கண்ணைக் கொக்கியில் மாட்டி
பின்கண்ணைக் கம்போடு சேர்த்து இழுத்து
மறுபடி ஏற்றினாள், கழுத்து நரம்பு தெறிக்க.
மிஞ்சிய துணியைச் சுருட்டிக் கட்டினோம்.
படகு மூச்சு வாங்கியது.

வடகிழக்கே கடல் கறுத்துக்கொண்டு வந்தது.
நங்கூரமிட்டிருந்த எண்ணெய்க் கப்பல் ஒன்று
மெல்ல மூக்கைத் திருப்பிக்கொண்டது.

"ரெண்டாவதும் போடணும். கயிறு எங்க?"

ஆறு மில்லி வெள்ளைக் கயிறு.
போன செவ்வாய்க்கிழமை கேஸ் சிலிண்டரை
ஸ்கூட்டியில் கட்டிவர எடுத்தது.
இந்நேரம் ஓட்டேரியில்
சமையலறைக் கதவுக்குப் பின்னால்
சிலிண்டரின் இடுப்பில் இருக்கும்.
சொல்லிவிட்டேன்.
அந்தச் சாய்வில் பொய்யொன்றை யோசிக்க
வழியில்லை.

திட்டவில்லை அவள்.
முழங்கால் நீரில் மிதந்த பெரிய பையைத் திறந்து
என் போனஸ் பாயின் புதுத் தாமானை,
விலைச்சீட்டு இன்னும் ஒட்டியிருந்ததை,
உருவினாள்.
பின்கண்ணில் கோத்தாள்.
"இதுக்காகவாவது கொண்டுவந்தியே."

பாதித் துணிகூட இல்லை மேலே.
படகு நிமிர்ந்தது.
சுக்கான் இரண்டு விரலுக்கு அடங்கியது.
வேகம் மட்டும் குறையவில்லை.
நிஜத்தைச் சொன்னால்
அது எனக்குக் கொஞ்சம் அவமானமாக இருந்தது.
இத்தனை நாளாய் நான் ஏற்றிய துணியில்
பாதி
சும்மா சத்தம் போட்டிருக்கிறது.

ஐகோர்ட்டின் சிவப்புக் கோபுரங்கள்
அலைக்கு அலை எழுந்து உட்கார
நீரை இறைத்தபடி திரும்பினோம்.
"தெர்மாஸ் உன் கணக்கு" என்றாள்.
வேறெதுவும் பேசவில்லை.

சாயங்காலம் சிலிண்டரை நகர்த்திப் பார்த்தேன்.
ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு.
அத்தனை அழகாய்
படகில் ஒருநாளும் போட்டதில்லை நான்.

கயிற்றைச் சுருட்டிக்கொண்டு மாடிக்குப் போனேன்.
கொடியில் யாருடைய பெட்ஷீட்டோ
காற்று முழுவதையும் வாங்கி
கம்பத்தையே ஆட்டிக்கொண்டிருந்தது.
நாலாய் மடித்து
கிளிப் போட்டேன்.
எந்த வீட்டுடையது என்று
தெரியவில்லை.