சொந்தக்காரர் என்ற கட்டத்தில்

சில்லறை என்று பேர் வைத்தது ஜெபா.
ரேஷன் கடைக்காரன் மீதி இரண்டு ரூபாய் தரவில்லை,
வாசலில் கிடந்த இதை எடுத்துவந்தேன் என்றாள்.
சில்லறைதானே என்று விட்டேன்.

முதல் தடவை நாலு.
அடுத்த தடவை ஐந்து.
மழையில் மூன்று. அதில் ஒன்று
பாதி தைத்த சட்டைக் கைக்குள் நுழைந்து
அங்கேயே விறைத்திருந்தது.
சீத்தா கேம்ப்பில் குட்டி வேண்டுமா என்று நான் தட்டாத கதவில்லை.
மீன் மார்க்கெட்டில் கொண்டுபோய் விடு என்றாள் ஜெரினா பீ,
எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.
எல்லாரும் செய்ததை
மீன் மார்க்கெட்டில் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

செம்பூரில் ஏசி போட்ட டாக்டர்
ஏழாயிரம் என்றார்.
ரத்தப் பரிசோதனை தனி,
நக்காமல் இருக்கக் கழுத்துக்குக் காலர் தனி.
நான் தைப்பதும் காலர்தான்.
ஒன்றுக்கு மூன்று ரூபாய்.
திரும்பி வரும் பஸ்ஸில் கணக்குப் போட்டேன்:
இரண்டாயிரத்து முந்நூற்று முப்பத்து மூன்று காலர்.
அப்போதும் ஒரு ரூபாய் குறைகிறது.

எனக்குச் செய்தபோது
அவர்கள்தான் பணம் கொடுத்தார்கள்.
ஜெபா பிறந்த நாலாம் நாள், கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரி,
வரிசையாகப் பதினொரு பெண்கள், ஒரே டாக்டர்.
அறுநூறு ரூபாய்.
வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டு வாங்கி
ஒரு பேன் வாங்கிவந்தார்.
இன்னும் ஓடுகிறது,
மூன்றாம் நம்பரில் மட்டும்.

மெடிக்கலில் கேட்டேன். கோழிக்கடையில் கேட்டேன்.
கோழிக்கடைக்காரன்தான் சொன்னான்,
வியாழக்கிழமை ஸ்கூட்டரில் கூண்டோடு ஒரு பெண் வருவாளே,
ரோஷ்ணி பின்டோ.
அவள் ஒரு துண்டுச் சீட்டில் விலாசம் எழுதி
ராத்திரி பத்துக்கு மேல்
தண்ணீர்கூடக் காட்டாதே என்றாள்.

இரண்டு துணிக்கூடைகளை வாயோடு வாய் வைத்துப்
பாவாடை நாடாவால் கட்டினேன்.
மான்குர்டில் லக்கேஜ் பெட்டியில் ஏறினால்
உள்ளே ஏழெட்டுக் கோலிப் பெண்கள், பொம்பில் கூடைகள்.
பட்டினி கிடக்கிற பூனையை
மீனோடு ஏற்றிய பாவம் எனக்கு.
கூடைக்குள்ளிருந்து அது கத்திய கத்தலில்
ஒருத்தி ஒரு மீனை நீட்டினாள்.
ஆபரேஷன் என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினேன்.
பூனைக்கா உனக்கா என்று மராத்தியில் கேட்டாள்.
பெட்டியே சிரித்தது. நானும்தான்.

பழைய மாவு மில். தகரக் கூரை. எங்கும் பினாயில்.
மேஜைப் பையன் பாரத்தைப் பார்த்தபடியே கேட்டான்:
பால்த்தூவா, ரஸ்தாவா?
வளர்ப்பு என்றால் இரண்டாயிரத்து ஐந்நூறு.
தெருவென்றால் இலவசம்,
இடது காது நுனியை வெட்டிவிடுவார்கள், அடையாளத்துக்கு.
என் கைப்பையில் எண்ணூற்று நாற்பது இருந்தது.
கூடைக்குள் சத்தமே இல்லை,
அதுவும் பதிலைக் கேட்பது மாதிரி.

ரஸ்தா, என்றேன்.

பேர்?
பேர் இல்லை.
சொந்தக்காரர் என்ற கட்டத்தில்
அவன் ஒரு கோடு போட்டான்.
அளவு பார்த்துப் போட்டது போல நேரான கோடு.

சாயங்காலம் தந்தபோது
துணிமூட்டை மாதிரி தொங்கியது.
வயிற்றில் நாலு விரல்கடை மழித்திருந்தது,
நடுவில் தையல். நல்ல தையல். நெருக்கமாக, ஒரே சீராக.
காதில் ஒரு துளி ரத்தம் காய்ந்திருந்தது.
வெட்டிய துண்டை என்ன செய்வீர்கள் என்று
கேட்க நினைத்துக் கேட்கவில்லை.
பிடித்த இடத்திலேயே விட்டுவிட வேண்டும்,
சட்டம், என்றான் பையன்.

வீட்டில் நாடாவை அவிழ்த்தேன்.
ஜெபா காதைப் பார்த்தாள்.
என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.
சில்லறை சுவரில் முட்டி, அண்டாவில் முட்டி,
பின்னங்கால் பின்ன நடந்து
தையல் மெஷின் மேல் ஏறப் பார்த்துச் சரிந்தது.
தூக்கி வைத்தேன்.
பிடித்த இடம்.

நாளைக் காலை நூறு காலர் கொடுக்க வேண்டும்.
ஊசிக்குக் கீழே தலை வைத்துத் தூங்குகிறது.
பேன் மூன்றாம் நம்பரில்.