தூக்கக் கணக்கு

ராத்திரி எத்தனை மணி நேரம் என்று டாக்டர் கேட்கிறார்.
நான்கு என்கிறேன்.
பாரத்தில் நான்கு என்று எழுதிக்கொள்கிறார்.
அது நான் தூங்கிய நேரமல்ல,
கோபாலு நம்பிய நேரம்.

முதுகெலும்பில் மூன்று இடம் என்று
ஸ்கேன் சொன்ன அன்று
அவர் தலையணையோடு ஹாலுக்குப் போனார்.
என் கை பட்டு உனக்கு வலிச்சிடும், என்றார்.
இருபத்தொன்பது வருடம் நான் திட்டிய குறட்டை
சுவருக்கு அந்தப் பக்கம் போனதும்
கட்டில் எஸ்பிளனேட் திடலாக அகன்றுவிட்டது.

இரண்டு மணிக்கு வந்து கதவருகே நிற்பார்.
மூச்சு வருகிறதா என்று பார்க்கிறார்.
வாயை லேசாகத் திறந்து
ஒரே சீராக விடுவேன்.
தூங்குகிறவளை எழுப்பிவிடலாம்,
நடிக்கிறவளை எழுப்ப முடியாது என்பார்கள்.
அவள் நடித்தால்தான்
ரைபிள் ரேஞ்சில் இந்த வீடு தூங்கும்
என்பதைச் சொல்ல மாட்டார்கள்.

சிங்கப்பூரில் லோஷினி.
இரண்டு நாற்பத்தேழுக்கு அவள் பெயருக்குக் கீழே 'ஆன்லைன்'.
என் பெயருக்குக் கீழும் அவளுக்கு அப்படித்தான் தெரியும்.
'எழுதுகிறார்' என்று வந்தது, போனது,
மறுபடி வந்தது.
காலையில்,
ம்மா, நல்லா தூங்குனியா?
ம். நீ?
நானும்.

பகலில் நாத்தனார் முள்சீத்தா இலையோடு வருவாள்.
முகம் தெளிஞ்சிருச்சு அண்ணி, என்பாள்.
அவள் லிஃப்டில் இறங்கும்வரை
அந்த முகத்தைக் கழற்ற முடியாது.

ஒன்றை டாக்டரிடம் சொல்லவில்லை.
வியாழக்கிழமை, பெரிய ஆஸ்பத்திரியில்
மருந்து ஏற்றும் அறையில்,
கிழிந்த ரெக்சின் நாற்காலியில், ஏசி குளிரில்,
ஊசி குத்திய கையோடு
அடித்துப் போட்டதுபோல் தூங்குகிறேன்.
இந்தப் பக்கம் காக் ரொஸ்னா,
பல் செட்டை டிஷ்யூவில் மடித்து மடியில் வைத்தபடி.
அந்தப் பக்கம் ஆ லெங்,
மொட்டைத் தலையில் பேரனின் டைனோசர் துண்டு.
நீங்க நல்லா இருக்கீங்க என்று
யாரும் யாரிடமும் சொல்வதில்லை.
மூச்சு வருகிறதா என்று பார்க்க
அங்கே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது.
முடிஞ்சது ஆன்ட்டி, என்று நர்ஸ் தோளைத் தொட்டால்
இன்னும் பத்து நிமிஷம் என்கிறேன்,
பள்ளிக்கூடத்துக்கு எழுப்பப்பட்டவள்போல.
வெளியே மைலோ ஐஸோடு நிற்கிற கோபாலுவிடம்
ரொம்பச் சிரமம் என்று சொல்லிவிடுகிறேன்.
வீட்டில் ஏன் வரவில்லை என்று கேட்டால்
என்ன பதில் வைத்திருக்கிறேன்?

நேற்று இரண்டு மணிக்கு
மூச்சை மாற்ற மறந்துவிட்டேன்.
கண் திறந்திருந்தது.
பஸ் ஸ்டாப்பில் முன்பின் தெரியாதவர்கள் மாதிரி
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டோம்.
எலும்பு தேடுதா, என்றார்.
இல்லை, என்றேன். குறட்டை.

தலையணை எடுத்துவரப் போனவர்
அங்கேயே உட்கார்ந்து, அப்படியே சாய்ந்து,
தூங்கிப்போனார்.
கதவைச் சாத்த மறந்திருந்தார்.