காற்றுக்கு ஓர் அம்புக்குறி

கானாடுகாத்தானில் வாடகை சைக்கிளுக்குக் கணக்கு எழுதுகிறேன்.
பதினோரு வண்டி. மூன்றுக்குத்தான் கியர்.
வருகிறவர்களுக்கு ரசீதின் பின்பக்கம்
வழி வரைந்து கொடுப்பதும் என் வேலை,
சம்பளத்தில் அது சேராது.

ஆடி பிறந்து மூன்றாம் நாள்
கோத்தகிரிப் பக்கமிருந்து பெள்ளி என்றொருவர் வந்தார்.
நாலு மலைக்கு நடுவே கிண்ணம்போல் ஒரு ஊராம்.
எந்தத் திசையில் கிளம்பினாலும் ஏற்றம்,
எங்கே போய்த் திரும்பினாலும் வீடுவரை இறக்கம்.
கெண்டைக்கால் இரண்டும்
முறுக்கிய தேங்காய்நார்க் கயிறு.

"உங்க ஊர்ல மலையே இல்லையே" என்றார்
உப்புப் போடாத மோரைக் குடித்த முகத்தோடு.
இருக்கு, கண்ணுக்குத் தெரியாது என்றேன்.
பத்து மணிக்கு மேல் முளைக்கும்
பொழுது சாய்ந்தால் கரையும்.
சிரித்தார்.

மேற்கே வரைந்தேன்.
குன்றக்குடியில் மயில் நிற்கும், நீங்கள் நிற்காதீர்கள்.
திருப்பத்தூர் தாண்டி வேகத்தடைக்கு வெள்ளைக்கோடு கிடையாது.
சிங்கம்புணரியில் டயருக்குக் காற்று, உங்களுக்குத் தண்ணீர்.
அப்புறம் பிரான்மலை,
உங்கள் ஊர்க்காரர்களுக்கு முழங்கால் உயரம்.
போகும்போது செலவு, வரும்போது வரவு.
மாற்றிப் போட்டால் கணக்கு இடிக்கும்.

மாற்றித்தான் போட்டார்.
கடல் பார்க்கிற ஆசை.
கிழக்கே, தொண்டிக்கு.

யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளியது மாதிரியாம்.
தேவகோட்டையில் நாலு இட்லி,
பத்தேகாலுக்கெல்லாம் கடலில் கால்.
ஒரு மீன்வண்டியை முந்தியதாக
இரண்டு தடவை சொன்னார்.

திரும்பினார்.
மலை முளைத்திருந்தது.

சீமைக்கருவேலம் எல்லாம் அவர் பக்கமாகச் சாய்ந்து கிடக்க
வறண்ட கண்மாய்க்குள்ளிருந்து செம்புழுதி எழுந்து
எதிரே நடந்து வந்திருக்கிறது.
சின்னக் கியர்.
அதற்கும் சின்னதைத் தேடிய விரலுக்கு
அதற்கு மேல் கியர் இல்லை.
ஒரு வளைவு இல்லை, உச்சி இல்லை,
இவ்வளவு ஏறிவிட்டாய் என்று சொல்ல
ஒரு மைல்கல்லாவது
ஒரு சாண் உயர்ந்திருக்கலாம்.
முந்திய மீன்வண்டி
காலிப்பெட்டி குலுங்கக் கடந்து போனது,
டிரைவர் கைகூடக் காட்டினாராம்.

இரவு ஒன்பது மணிக்கு
முள் தைத்த டயரை உருட்டிக்கொண்டு வந்து நின்றார்.
"எங்க ஊர்ல ஏறின காசுக்கு இறக்கம் உண்டு.
இது என்னங்க,
முதலும் போச்சு வட்டியும் போச்சு."
பேரேட்டை மூடிவிட்டு அவருக்கு சோடா உடைத்தேன்.
இந்த ஊரில் இருந்துகொண்டு
வட்டியைப் பற்றி நான் என்ன சொல்ல.

மறுநாள் ஞாயிறு.
ஏழாம் நம்பர் வண்டியை என் பெயரில் எழுதிக்கொண்டு
நானும் மேற்கே போனேன்.
விடியுமுன் பாதி, விடிந்தபின் மீதி.
அவர் என் பின்சக்கரத்துக்கு ஒரு முழம் விட்டு வந்தார்,
என் முதுகு மறைத்த காற்றில்.
அதற்கு வாடகை போடவில்லை.

மலையடியில் அவர் மேலே பார்த்தார்,
நான் கீழே உட்கார்ந்து செருப்பைக் கழற்றினேன்.
"சின்னதுதான்" என்றார்.
கொஞ்சம் கழித்து "நல்லாத்தான் இருக்கு."

திரும்பும்போதுதான் அது நடந்தது.
காற்றின் வேகமும் எங்கள் வேகமும் ஒன்றான ஓர் இடம்.
காதில் இரைச்சல் சட்டென்று நின்றது.
முந்தானை அப்படியே தொங்கியது.
செயினின் பல் ஒவ்வொன்றும் கேட்டது,
என் வியர்வை எனக்கே மணத்தது.
இரண்டு பேரும் பேசவில்லை,
பேசினால் வேகம் குறைந்துவிடும் என்று
எனக்கொரு நினைப்பு.

பில் எழுதினேன்:
மூன்று நாள், ஒரு டியூப், இரண்டு போக்கம்பி.
சில்லறைக்குப் பதில் என் பேனாவை வாங்கி
ரசீதின் பின்பக்கம் தன் ஊர் வழியை வரைந்தார்.
அவிழ்த்துப்போட்ட நூல்கண்டு.
போன இடத்துக்கே திரும்புகிறது, மேலே போகிறது,
மறுபடி போன இடம்.
டியூப் விலைப்பட்டியலுக்குக் கீழே ஒட்டி வைத்திருக்கிறேன்.

உற்றுப் பார்த்தால்
அதில் ஓரிடத்திலும்
காற்றுக்கு அம்புக்குறி இல்லை.
எப்படித்தான் அங்கே வழி சொல்கிறார்களோ.