இரண்டில் ஒன்று

மார்ச் மாதத்து ஞாயிறு. ஓல்டனில்
ஆரே ஆற்றின் மேல் மூடுபனி இன்னும் எழும்பவில்லை.
பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி மண்டபத்தில்
கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே பன்னிரண்டு மேசை.
ஏழாவது எனக்கு. ரப்பர் விரலுறை, ஈரப் பஞ்சு,
சொந்தப் பேனா கூடாது என்றொரு அறிவித்தல்.

மாநில மன்றத்துத் தேர்தலில்
இங்கே ஒரு வசதி உண்டு.
கட்சி அச்சடித்துத் தந்த பட்டியலில்
பிடிக்காத பெயரை வெட்டலாம்.
அடுத்த கட்சிக்காரரைக் கையால் எழுதிச் சேர்க்கலாம்,
மிகவும் பிடித்தால் இரண்டு தரம்.

எல்ஸ்பெத் நூன்லிஸ்ட்.
மருந்துக்கடை, நடுக்கட்சி, பதினாறு வருடம்.
நான்கு தேர்தலாக நான் பார்க்கும் ஒரே காட்சி:
சொந்தக் கட்சிக்காரர் அவரை வெட்டுவார்கள்,
இடதிலும் வலதிலும் யாரோ
கோணல் எழுத்தில் கூட்டிவந்து சேர்ப்பார்கள்.
பெயரின் மேல் இரண்டு புள்ளி வைக்க மறந்தவர்கள்,
"மருந்துக்கடை எல்ஸ்பெத்" என்று மட்டும் எழுதிய
நடுங்கும் கை ஒன்று.
செல்லும், என்றார் தலைவர்.

அவருடைய வாக்குப் பதிவை ஒருநாள்
தேத்தண்ணி ஆறும்வரை வாசித்தேன்.
ஆம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்துச் சொச்சம்.
இல்லை, எண்ணூற்று மூன்று.
ஒதுங்கல், இருநூற்றுப் பதினொன்று.
மலைக்கிராமத்துக்குக் கடைசி பஸ்: ஆம்.
அதே பஸ் ஞாயிற்றுக்கிழமையும்: இல்லை.
ஓநாயைச் சுடலாமா: ஒதுங்கல்.
தாதிமார் சம்பளம் முதல் வாசிப்பில் இல்லை,
தொகையைப் பாதியாக்கிய பிறகு ஆம்.
ஆசுப்பத்திரி வாகனத் தரிப்புக்கு
இரண்டு பிராங்கா மூன்றா என்று மன்றம் பிளந்த அன்று
இரண்டரை என்று எழும்பியவர் அவர்.
அதுவே வென்றது. இன்றைக்கும் வாசலில்
ஐம்பது சதம் தேடிப் பையைக் கிண்டுகிறோம்.

விலாங்கு, என்பான் குகனேசன்,
பாம்புக்குத் தலை, மீனுக்கு வால்.
மதில்மேல் பூனை என்றும் சொல்வான்.
பூனை இறங்கிய இடமெல்லாம்
இதில் தேதியோடு இருக்கிறதடா, என்பேன்.

நாற்பத்தோராம் பக்கம், ஒரு நவம்பர்:
குடியுரிமைக்கான மொழித் தேர்வை ஒரு படி உயர்த்துதல்.
ஐம்பத்திரண்டுக்கு நாற்பத்தைந்து. நூன்லிஸ்ட், ஆம்.
அடுத்த வரி, அதே பிற்பகல்:
ஆயத்த வகுப்பு இலவசம். நூன்லிஸ்ட், ஆம்.

முதல் ஆமினால் என் மனிசி சுகிர்தமலர்
மூன்று வருடம் பிந்தினாள்.
இரண்டாம் ஆமின் வகுப்பில், செவ்வாய் இரவுகளில்,
வினைச்சொல்லை வசனத்தின் கடைசிக்குத் தள்ளப் பழகினாள்.
இது தமிழ்தானே, என்று சிரித்தாள்.
சிரித்தும் இரண்டு தரம் தோற்றாள்.
மூன்றாவது கடிதத்தை உடைக்காமல்
இரண்டு நாள் பிரிட்ஜின் மேல் வைத்திருந்தாள்.
இது அவளுக்கு முதல் தேர்தல்.

மூன்றரை மணிக்கு ஒரு சீட்டு வந்தது.
நடுக்கட்சிப் பட்டியல். இந்த முறை பயத்தில்
கட்சியே நூன்லிஸ்டை இரண்டு தரம் அச்சடித்திருந்தது.
மேல் நூன்லிஸ்ட் வெட்டுப்பட்டிருந்தார்,
அடிமட்டம் வைத்து, ஊதா மையில்.
கீழ் நூன்லிஸ்ட் அப்படியே.
வெட்டிய இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தாதியின் பெயர்,
எழுத்துகள் ஒன்றையொன்று தொடாமல்,
கடைச் சாமான் துண்டில் எழுதுவதுபோல.

அந்தக் கையை எனக்குத் தெரியும்.
தெரியாது. சத்தியம் செய்துதான் உட்கார்ந்தோம்.
நூன்லிஸ்ட், ஒன்று.
மண்டபத்துப் பென்சிலால் கோடு போட்டேன்.

ஏழு மணிக்கு முடிவு.
முப்பத்தெட்டு வாக்கால் போய்விட்டது.
மஞ்சள் மழையங்கியோடு வந்தார்,
மேசை மேசையாய்க் கை கொடுத்தார்,
கழற்ற மறந்த என் விரலுறைக்கும்.
நீண்ட நாள், என்றார்,
எங்களுக்கா தனக்கா என்று பிரிக்காமல்.

வீட்டில் சோறு வடிந்துகொண்டிருந்தது.
"வென்றாவோ?"
இல்லை என்றேன்.
"எத்தனையால?"
சொன்னேன்.
மூடியைத் தூக்கிப் பார்த்தாள், திரும்ப மூடினாள்.
"முப்பத்தேழு எண்டாலும்
தோல்விதானே, என்ன?"