அரை மீட்டர்

கார்த்திகை மழை விட்ட மூன்றாம் நாள்
அராலிக் கதவணைக்கு மேலே
ஒரு தோடம்பழத்தை வழுக்கையாற்று வாய்க்காலில் போட்டேன்.
பத்து மீட்டர் போக இருபத்தைந்து விநாடி.
பழத்தோடு கரையில் ஓடியவர் தவனேசன்,
வெங்காயத் தறைக்காரர்.
சட்டைப் பையில் மடித்த கரண்ட் பில்.

அகலம் முழக்கயிற்றால். ஆழம் பூவரசந் தடியால்.
விநாடிக்கு எண்பது லீட்டர், ஏறக்குறைய.
விழுகிற உயரம்
என் முழங்காலுக்குச் சற்று மேலே.

பண்டாரவளைக்கு அப்பால், நான் பிறந்த லயத்துக்கு
எட்டு லீட்டர் போதும்.
ஓடையை மறித்து, சருகு வடித்து,
தொட்டியில் கொஞ்சம் ஆற வைத்து
முப்பது மீட்டர் குழாயில் தள்ளிவிடுவோம்.
கீழே கொட்டிலில்
கிண்ணம் கிண்ணமாய் அறை வாங்கிச் சுற்றும் சக்கரம்.
பதினெட்டு வீட்டுக்கு வெளிச்சம்.
எல்லோரும் விளக்கணைத்தபின்
மிஞ்சுகிற மின்சாரத்துக்கு ஒரு பீப்பாய்த் தண்ணீர் காட்டவேண்டும்,
சுடவைத்துக்கொண்டு கிடக்கட்டும் என்று.
இல்லையேல் சக்கரத்துக்கு வெறி பிடிக்கும்.

“அப்ப தண்ணியில்லை, விழுகைதான் சாமான்” என்றார்.
பிறகு, குரலைத் தாழ்த்தி:
“என்ரை தாங்கி ஆறு மீட்டர்.
மோட்டர் ஏத்தினதை
இறக்கேக்கை பிடிச்சால்?”

ஒரு ரூபாய் கொடுத்து ஏற்றி
முப்பது சதம் வாங்கலாம் என்றேன்.
“எங்கட சங்கக்கடைக் கணக்கு” என்றார்.

பில்லின் முதுகில் பெருக்கினோம்.
எண்பது, அரை, பத்து.
உராய்வுக்கும் சக்கரத்துக்கும் பாதி போக
இருநூறு வாட்.
அவர் மோட்டர் கேட்பது எழுநூற்றைம்பது.
ஆறு ஓடுவதோ இருபது நாள்.
“அந்த இருபது நாளும்
தறையிலை முழங்கால் தண்ணி.
மோட்டர் எனக்கென்னத்துக்கு?”

இருட்டிக்கொண்டு வந்தது.
தோடம்பழம் கதவணை தாண்டிக் கடலுக்குப் போயிருக்கும்.
அது இனிப்போ புளிப்போ என்று கேட்டார்.
தெரியாது என்றேன்.

கதவணைக் கட்டில் ஒருவன்
டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
அத்தாங்கால் இறால் கோலிக்கொண்டிருந்தான்.
வாயில் வெளிச்சம் இருந்ததால்
எங்கள் வணக்கத்துக்குத் தலையைத்தான் ஆட்டினான்;
ஒளி ஒருமுறை தண்ணீரில் மேலும் கீழும் போனது.

தவனேசன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.
“உவனுக்கு எத்தினை வாட் வேணும்?”

ஐந்து, என்றேன்.

மடித்த பில்லை மறுபடி விரித்தார்.